டாக்டரைப் பார்க்க முடியாதபோது மனநல மாத்திரை நின்றுபோகாமல் இருக்க

மலேசியா, நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனம் அளவுமீறித் துள்ளுவதும் சோர்ந்து விழுவதுமாக மாறி மாறி வரும் நோய். சில ஆண்டுகளாக ஒலான்சபின், லித்தியம், தூக்கத்துக்குக் குளோனசெபம் என்று சாப்பிட்டு, ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறார். இப்போது அவரைப் பார்த்துவந்த டாக்டர் மாற்றலாகிவிட்டார். தவணைத் தேதியை, அதாவது டாக்டரைப் பார்க்கும் நாளை, ஆஸ்பத்திரியே ஆறு வாரம் தள்ளிவைத்துவிட்டது. வீட்டில் இன்னும் ஐந்து நாளைக்குத்தான் மாத்திரை. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் கேட்டால், "இந்த மருந்து எங்களிடம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். "நல்லாத்தானே இருக்கான், ஆறு வாரம் நிறுத்தித்தான் பாருங்களேன்" என்கிறார் மாமா. என்ன செய்வது?

நான் அரசு மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். டாக்டர் அல்ல. மருந்தை மாற்றவோ அளவைக் கூட்டிக் குறைக்கவோ நான் சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து கைக்கு வந்து சேரும் வழி எனக்குத் தெரியும்.

தங்கச்சி, முதலில் மாமாவிடம் சொல்லுங்கள், நிறுத்தக் கூடாது என்று. தம்பி நன்றாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான். அவர் சாப்பிடும் மூன்று மருந்தும் திடீரென்று நின்றால் மூன்று விதமாகத் தொல்லை கொடுக்கும். குளோனசெபம்தான் அவசரமானது. நெடுநாள் சாப்பிட்டவருக்கு அது சட்டென்று நின்றால் சில நாளிலேயே தூக்கம் போய், கைநடுக்கம், படபடப்பு, வியர்வை வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு அடுத்த சில வாரங்களில், மாதங்களில் நோய் மறுபடி எழும்பும் ஆபத்து அதிகம், அதுவும் பெரும்பாலும் வெறிநிலையாக, அதாவது தூக்கமில்லாமல் அளவுமீறித் துள்ளும் நிலையாக. ஒலான்சபின் நின்றால் முதலில் தூக்கம் கெடும், குமட்டல் வரும். நோய் திரும்புவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "ரெண்டு வாரமா சாப்பிடலை, ஒண்ணும் ஆகலை" என்று தைரியமாகச் சொல்வார்கள். மருந்து நின்ற தேதிக்கும் நோய் திரும்பும் தேதிக்கும் நடுவில் இவ்வளவு நாள் இருப்பதால், கடைசியில் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வேலையில் வந்த சண்டை, செய்வினை, அமாவாசை என்று வேறெதன் மீதாவது பழி போகும்.

சரி, மருந்துக்கு வருவோம். டாக்டரைப் பார்ப்பது வேறு, மருந்து வாங்குவது வேறு. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் சீட்டு பொதுவாக அடுத்த தவணைத் தேதி வரைக்கும் செல்லும். மருந்தகம் அதை ஒரேயடியாகக் கொடுக்காமல் மாதாமாதம் கொடுக்கும். அதனால் டாக்டர் லீவில் போனாலும் மாற்றலாகிப் போனாலும், சீட்டில் பாக்கி இருக்கும்வரை மருந்து உங்களுக்கு உண்டு. உங்கள் தம்பி விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், தேதியைத் தள்ளிவைத்தவர்கள் சீட்டை நீட்டிக்கவில்லை. பழைய தேதியோடு மருந்து முடிகிறது. புதிய தேதி ஆறு வாரம் கழித்து வருகிறது. நடுவில் உள்ள பள்ளத்தை யாரும் பார்க்கவில்லை. இது அடிக்கடி நடப்பதுதான். கேட்டால் சரிசெய்து கொடுப்பார்கள், கேட்காதவர்கள்தான் விழுந்துபோகிறார்கள்.

ஆகவே, நாளைக் காலையில் அந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போன் போடுங்கள். பொது எண்ணில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், சளைக்காதீர்கள். டாக்டர் வேண்டும் என்று கேட்காமல் நர்ஸிடம் பேசக் கேளுங்கள். "உபாட் டா நாக் ஹாபிஸ், தெமுஜஞ்சி லம்பாட் லாகி. போலே சம்போங் உபாட்?" (மருந்து முடியப்போகிறது, தவணைக்கு இன்னும் நாள் இருக்கிறது, மருந்தை நீட்டிக்கலாமா?) என்று மலாயில் கேட்டாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். புதிய தேதி வரைக்கும் சீட்டை நீட்டிப்பதற்கு அன்று பணியில் இருக்கும் எந்த மெடிக்கல் ஆபிசராலும் பொதுவாக முடியும். தம்பியைப் பார்த்துவந்த அதே டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை. லித்தியம் இருப்பதால் சில சமயம், "ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடருவோம்" என்பார்கள். அது நல்லதுதான், மறுக்காமல் போங்கள். அந்த ரத்தம் கடைசி மாத்திரைக்குச் சுமார் 12 மணி நேரம் கழித்து எடுக்கப்பட வேண்டும். அதனால் முதல்நாள் இரவு மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, காலை மாத்திரையைச் சாப்பிடாமல் கையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்தபின் சாப்பிடச் சொல்லுங்கள்.

சிரம்பானுக்கோ கோலா பிலாவுக்கோ போய்வர ஒருநாள் சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும். பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, மருந்துக்கு இன்னொரு நம்பர் எடுத்து, வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால்தான் உள்ளூர் கிளினிக் கெசிஹாத்தானை, அதாவது அரசு சுகாதாரக் கிளினிக்கை, நான் பெரிதாகச் சொல்கிறேன். நம் மக்கள் அதைக் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் பிள்ளைகளுக்கு ஊசி போடவும் மட்டும் என்று நினைக்கிறார்கள். நிலைமை சீராக இருக்கும் மனநல நோயாளிகளை அங்கேயே தொடர்ந்து பார்க்கலாம் என்பது சுகாதார அமைச்சின் ஏற்பாடுதான். பெரிய கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர் இருப்பார். குடியுரிமை உள்ளவருக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட், மருந்தும் அதற்குள் அடக்கம். ஆஸ்பத்திரி நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட்.

ஒலான்சபினோ லித்தியமோ அந்தக் கிளினிக்கின் அலமாரியில் இல்லாமல் இருக்கலாம். சில மருந்துகளை நிபுணர் எழுதினால்தான் கொடுக்க முடியும் என்ற விதியும் உண்டு. அங்கேதான் எஸ்.பி.யு.பி. என்கிற ஏற்பாடு உதவும். ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிய சீட்டின் பாக்கி மருந்தை உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசு கிளினிக்கிலோ மாவட்ட ஆஸ்பத்திரியிலோ வாங்கிக்கொள்ளும் முறை அது. பணம் கூடுதலாக ஏதும் இல்லை. ஆஸ்பத்திரி மருந்தகக் கவுண்டரில், "எஸ்.பி.யு.பி. போடுங்கள், பகாவில் வாங்கிக்கொள்கிறோம்" என்று சொன்னால் போதும். இரண்டு மருந்தகங்களும் தங்களுக்குள் பேசி ஏற்பாடு செய்துகொள்ளும். முதல் தடவை மட்டும் கொஞ்சம் நாள் பிடிக்கும், ஏனென்றால் இங்கே இல்லாத மருந்தை வரவழைக்க வேண்டும். அதனால் கையில் இரண்டு வார மருந்து இருக்கும்போதே கேட்பது உத்தமம். அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பும் சேவையும் பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. ஆனால் குளோனசெபம் போன்ற கட்டுப்பாட்டு மருந்து அஞ்சலில் வராது, நேரில்தான் வாங்க வேண்டும். லயத்து வீடுகளுக்குத் தபால் ஒழுங்காக வராது என்றால், டவுனிலுள்ள உறவினர் முகவரியைக் கொடுங்கள்.

ஐந்து நாளுக்குள் இது எதுவும் நடக்காவிட்டால்? ஐந்தாவது நாள்வரை காத்திருக்காமல், மூன்றாவது நாளே ஜெம்போல் மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் தம்பியை அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே மனநல நிபுணர் இல்லாவிட்டாலும், அங்குள்ள டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போன் செய்து கேட்டு, சில நாளைக்கான மருந்தைக் கொடுக்க முடியும். டாக்டரோடு டாக்டர் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை, நாம் பேசினால் நாள் முழுக்க இழுக்கும். "தயவுசெய்து அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

தனியார் கிளினிக் டாக்டர், "எங்களிடம் இல்லை" என்றது மருந்துக் கையிருப்பைப் பற்றி. சீட்டு எழுதித் தர முடியுமா என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நம் நாட்டில் கிளினிக்கிலேயே மருந்து கொடுத்துப் பழகிவிட்டதால் யாரும் சீட்டு கேட்பதில்லை. பழைய மருந்து உறையையும் தவணை அட்டையையும் காட்டி, இரண்டு வாரத்துக்குச் சீட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். அதை வைத்து, பார்மசிஸ்ட் இருக்கும் மருந்துக் கடையில் வாங்கலாம். சீட்டு இல்லாமல் எந்த நல்ல கடையும் கொடுக்காது, கொடுத்தால் அந்தக் கடையை நம்ப வேண்டாம். விலை கூடுதலாகத்தான் இருக்கும், அதனால் இது பாலம் போடுவதற்கு மட்டும். குளோனசெபத்தை முன்பின் தெரியாதவருக்கு எழுதப் பல டாக்டர்கள் தயங்குவார்கள். அந்த மருந்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம் என்பதால் அந்தத் தயக்கம் நியாயமானது. கோபப்படாமல், உறையில் உள்ள ஆஸ்பத்திரிப் பெயரைக் காட்டி, அங்கே ஒரு போன் செய்து உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.

எங்கே போனாலும் கேட்கப்போவது ஒன்றுதான்: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது? "வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒண்ணு" என்றால் எந்த டாக்டராலும் எழுத முடியாது. மருந்து உறையின் லேபிள், தவணை அட்டை, கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், எல்லாவற்றையும் இன்றைக்கே கைப்பேசியில் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவர் கைப்பேசிக்கும் அனுப்பிவையுங்கள். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, நோயின் பெயரும் மருந்து விவரமும் எழுதிய ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும்.

மாத்திரை குறைவாக இருக்கும்போது வீடுகளில் நடக்கும் சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றால் வந்த கேடுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் இதே நோய்க்குச் சாப்பிடுகிறவரிடம் மாத்திரை கடன் வாங்காதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறாக இருக்கும். நாள் நீட்டிப்பதற்காக நீங்களாகவே பாதி பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். சில லித்தியம் மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்தவை, உடைத்தால் அந்த அமைப்பே கெட்டுவிடும். தமிழ்நாட்டுக்குப் போய்வரும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் சொல்வது நம்மிடையே சகஜம். குளோனசெபம் போன்றவை இங்கே சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்டவை, சுங்கத்தில் அவர்தான் மாட்டிக்கொள்வார். இணையத்தில் விற்கும் மாத்திரையும் வேண்டாம். பதிவுபெற்ற மருந்து என்றால் உறையில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் எண் இருக்கும். ஊர் ஊராக விற்கும் மூலிகைப் பொடிகள், ஜாமு என்கிற மலாய் நாட்டு மருந்து மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு வெறிநிலையைக் கிளப்பிவிடக்கூடியது.

லித்தியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்ட வேலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ரத்தத்தில் அது வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையே இடம் குறைவு. வெயிலில் குலை வெட்டி, உடம்பு நீர் வியர்வையாகப் போனால், ரத்தத்தில் லித்தியம் ஏறும். இடுப்பு வலிக்கு நம் ஆட்கள் வாங்கிச் சாப்பிடும் பொன்ஸ்தான், வோல்தாரன், புரூஃபென் எல்லாமே லித்தியத்தை உடம்பில் தேங்க வைப்பவை. வலிக்குப் பெனடால் (பாராசிட்டமால்) போதும், அதற்கும் அடங்காவிட்டால் லித்தியம் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவராக இருந்தால், விரதம் இருக்கட்டும், ஆனால் தண்ணீரை விடக் கூடாது. உப்பைத் திடீரென்று அடியோடு நிறுத்துவதும் கூடாது, ஏனென்றால் அப்போதும் லித்தியம் ஏறும். காவடிக்கு முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தெரிந்தால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "குடிச்சிருக்கான் போல" என்று விட்டுவிடாதீர்கள். உண்மையிலேயே சம்சு குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். குளோனசெபமும் சாராயமும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மந்தமாகிவிடும்.

விட்டுப்போன மாத்திரையைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். ஒருவேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நாள்கணக்கில் விட்டுப்போயிருந்தால் பழைய அளவிலேயே தொடங்கலாமா என்பது மருந்துக்கு மருந்து மாறும். இதைப் படிக்கும் வேறு யாராவது குளோசபின் (தம்பியின் குளோனசெபம் அல்ல, இது வேறு மருந்து) சாப்பிடுகிறவராக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்: 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கவே கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து டாக்டர் மறுபடி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார். லமோட்ரிஜினும் அப்படித்தான், ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் கேட்காமல் தொடங்கக் கூடாது; ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், வென்லஃபாக்சின் போன்றவை நின்றால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். பயமுறுத்துமே தவிர, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. மருந்தை மறுபடி எடுத்தால் அடங்கும்.

மாத்திரைக்கு இப்படி ஓடி ஓடிக் களைத்த குடும்பங்களுக்கு ஊசியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மனச்சிதைவுக்கு மோடிகேட், ஃபுளுவான்க்சால், குளோபிக்சால் போன்ற நீண்டகால ஊசிகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே போட்டுக்கொள்ளலாம். தினமும் மாத்திரை எண்ண வேண்டாம், மறதி பிரச்சினை இல்லை, ஊசிக்கு வராவிட்டால் நர்ஸே கூப்பிட்டுக் கேட்பார். தோட்டத்தில் டிரஸர் (தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்) இருந்த காலத்தில் நோயாளி வராவிட்டால் வீடு தேடிப் போவார். இன்றைக்குப் பல தோட்டங்களில் அவரும் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டடமும் இல்லை. அதனால் இந்த ஊசிமுறை தோட்டத்து மக்களுக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. லித்தியத்துக்கு இப்படி ஊசி கிடையாது. ஆனால் தம்பிக்கு ஒலான்சபினுக்குப் பதில் வேறேதும் ஊசியாகக் கொடுக்கலாமா என்று அடுத்த தடவை கேட்கலாம். முடிவு தம்பியுடையது. அவரை உட்காரவைத்துப் பேசி, அவர் சம்மதித்த பிறகு கேளுங்கள்.

கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. திருநீறு பூசுங்கள், அர்ச்சனை செய்யுங்கள், மாத்திரையும் கொடுங்கள். பூசாரி "மாத்திரையை நிறுத்து" என்று சொன்னால் மட்டும் அந்த ஒரு பேச்சைக் கேட்காதீர்கள்.

பணம் தடையாக இருந்தால், பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகநலப் பிரிவு என்று ஒன்று உண்டு, அங்கே போய்ச் சொல்லுங்கள். மனநலக் குறைபாட்டுக்கும் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை கிடைக்கும், அது இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. குடியுரிமைக்குரிய நீல அடையாள அட்டை இல்லாதவர்களிடம் வெளிநாட்டுக்காரருக்குரிய கட்டணம் கேட்கக்கூடும். நம் தோட்டங்களில் இன்னும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முதலில் போக வேண்டிய இடமும் இந்தச் சமூகநலப் பிரிவுதான்.

இந்தச் சில நாளில் தம்பியின் தூக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று இரவு சரியாகத் தூங்காமலே களைப்பில்லாமல் சுறுசுறுப்பாக இருந்தால், பேச்சு வேகமானால், கையில் உள்ள காசை அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தால், தவணைத் தேதியை எதிர்பார்க்காமல் உடனே அழைத்துப் போங்கள். வலிப்பு வந்தாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ நேராக அவசரப் பிரிவுக்கு, அல்லது 999. தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டிலேயே மறைத்தவர்கள் உண்டு. அந்தச் சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, நள்ளிரவில் என்றால் பெஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு 03-7627 2929.

அப்புறம், நாளைக்குப் போன் பேசும்போது ஒன்று மறக்காதீர்கள். சீட்டை நீட்டித்துத் தருகிறோம் என்றால், எந்தத் தேதி வரைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது புதிய தவணைத் தேதியைத் தாண்டி ஒரு வாரமாவது இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தேதியும் தள்ளிப்போகலாம்.